அவுர் கியா டாக்டர்

அமீரகத்தின் அல் ஐனில், சனாயியா என்கிற தொழிற்பேட்டையில், அவருடைய பெயரை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக் போர்டில் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதித்தான் இருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டுமே படிக்க வராது. டயர் கடைப் பட்டாணியர்கள்தான் அவருக்கு வேறு பெயர் வைத்தார்கள். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்துகொண்டு, "அவுர் கியா டாக்டர் ஹே?" என்று கேட்பார்கள். இருக்கிறார் என்றால் உள்ளே வருவார்கள். இல்லையென்றால் ஏசிக் காற்றெல்லாம் வெளியே போகிறவரை நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

அவுர் கியா என்றால் 'வேற என்ன'. அவருக்குத் தெரிந்த இந்தியே மொத்தம் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அதில் இந்த இரண்டும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாயில் வரும். ஜப்பான்காரர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே வெயில் காலத்திலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அவருடைய கணவர் பேரீச்சந்தோட்டங்களுக்குத் தண்ணீர் விடுகிற ஏதோ ஒரு திட்டத்தில் பொறியாளர். பெரிய ஆஸ்பத்திரிகளில் கூப்பிட்டிருப்பார்கள். இவர் என்னவோ சனாயியாவில் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த எங்கள் மூன்று அறைக் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்து மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கணவரின் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனார்.

நான் அங்கே ரிசப்ஷன். இன்ஷூரன்ஸ் அப்ரூவலும் என் தலையில்தான். தமிழ், மலையாளம், இந்தி என்று எது வந்தாலும் டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதும் நான். டாக்டர்கள் மீது எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அந்த நாற்காலியில் ஏழு பேர் வந்து போனதைப் பார்த்தவள் நான். நோயாளி வாயைத் திறப்பதற்குள் மருந்துச் சீட்டு பிரிண்டரில் வந்துவிடும், அவ்வளவு கெட்டிக்காரர்களும் அதில் உண்டு. இவரையும் முதல் வாரம் அப்படித்தான் பார்த்தேன். எத்தனை நாளைக்கு என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு போட்டுவைத்திருந்தேன். கணக்கு தப்பிவிட்டது.

அவர் யாரையும் தொடுவதற்கு முன்னால் கையைச் சூடு பண்ணிக்கொள்வார். கீழே மலபார் கஃபிடேரியாவிலிருந்து கெட்டிப் பாலில் கொதிக்கவைத்த ஒரு கரக் டீ வரும். அதைக் குடிக்கமாட்டார். இரண்டு உள்ளங்கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு நோயாளி சொல்வதைக் கேட்பார். பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். எந்த நோயாக இருந்தாலும் வயிறுதான் முதலில். ஒருமுறை பெஷாவர்க்காரர் ஒருவர், டிரெய்லர் ஓட்டுகிறவர், காது வலி என்று வந்தார். இவர் அவருடைய வயிற்றில் கை வைத்ததும் மனிதர் துள்ளி எழுந்துவிட்டார்.

"டாக்டர் சாப், தர்த் கான் மே ஹே." வலி காதில் என்றார்.

"கான். அச்சா," என்று தலையாட்டினார் டாக்டர். திரும்பவும் படுக்க வைத்தார். "அவுர் கியா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அதுதான் அவர். மற்ற டாக்டர்களும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பார். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. நான் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். பத்து விரல் முடிவதற்குள் பேசிவிடுவார்கள். பெஷாவர்க்காரர் ஏழாவது விரலில் வாயைத் திறந்தார். ஒரு வாரமாக வெளிக்குப் போகவில்லை, ஊரிலிருந்து ஹகீம் வைத்தியர் கொடுத்தனுப்பிய கறுப்பு உருண்டையைத் தினம் மூன்று விழுங்குகிறேன் என்றார். வெயிஸ்ட் கோட்டுப் பையிலிருந்து உருண்டைகளும் வந்தன.

அதற்கென்றே மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். சாப்பிடுகிறது, குடிக்கிறது, தேய்க்கிறது, எதுவானாலும் அதில் வைக்க வேண்டும். எகிப்து செக்யூரிட்டியின் கருஞ்சீரக எண்ணெய், திருச்சூர்க்காரரின் அரிஷ்ட பாட்டில், பிலிப்பைன்ஸ் பெண்ணின் ஏதோ ஒரு காய்ந்த இலை, எல்லாம் அந்தத் தட்டுக்கு வந்திருக்கின்றன. டாக்டர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். தெரிந்த பொருள் என்றால் சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். பிறகு ஒரு நோட்டில் படம் வரைந்து குறித்துக்கொள்வார். படம் நன்றாகவே இருக்கும். சுக்கை அவர் வரைந்ததைப் பார்த்தால் எடுத்து இடிக்கத் தோன்றும்.

நம் ஆட்கள்தான் லேசில் தட்டில் வைக்கமாட்டார்கள். ஊரில் இங்கிலீஷ் மருந்து டாக்டரிடம் நாட்டு மருந்தைச் சொல்லி ஏச்சு வாங்கிய பழக்கம். பரமக்குடிக்காரர் ஒருவர் லேகிய டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டே "ஒண்ணும் சாப்பிடுறதில்ல மேடம்" என்று சாதித்தார். பையிலிருந்து வாசனை ஊரைக் கூட்டியது. நான் விடுவேனா.

"ஏண்ணே மறைக்கீங்க? டாக்டர் ஒங்கள கடிச்சா திங்கப் போறாங்க? எடுத்து வைங்கண்ணே தட்டுல."

இப்படி எத்தனை பேரை ஏசியிருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு எட்டு நிமிஷம் என்பது அவர் சட்டம். டாக்டருக்கு இருபது ஆகும். ஒருநாள் வந்து, "டாக்டர், ஹிஸ்டரியைக் கொஞ்சம் ஷார்ட்டாக எடுக்கலாமே," என்றார். டாக்டர் எழுந்து நின்று, தலையைத் தாழ்த்திக் கும்பிடுவது போல் ஒன்று செய்து, "ஸாரி" என்றார். மேனேஜர் திருப்தியாகப் போய்விட்டார். மறுநாளிலிருந்து டாக்டர் அரை மணி நேரம் முன்னால் வர ஆரம்பித்தார். இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகவே இருந்தது.

எங்களுடையது ஸ்ப்ளிட் டியூட்டி. மத்தியானம் ஒன்றிலிருந்து ஐந்துவரை கடை அடைத்த மாதிரி இருக்கும். கணவர் வந்து கூட்டிப் போகத் தாமதமாகிற நாட்களில் டாக்டர் என்னோடு சாப்பிடுவார். அவருடைய டப்பாவில் சோறும் ஊறுகாய் மாதிரி ஒன்றும். என்னுடையதில் புளிக்குழம்பு. அவர் அதையும் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே என்னென்ன என்று கேட்பார். அப்படி ஒருநாள்தான் அவருடைய நாட்டுக் கதை வந்தது. அவர் சொன்ன எளிய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

"எங்கள் ஊரில் இரண்டு டாக்டர் தேவையில்லை. ஒரே டாக்டர், ஒரே சீட்டு. மேலே பிரஷர் மாத்திரை. கீழே கஷாயப் பொடி. ஒரே மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும். நாட்டில் எல்லோரிடமும் இன்ஷூரன்ஸ் கார்டு உண்டு. அதே கார்டு இரண்டுக்கும்."

நான் டப்பாவைக் கீழே வைத்தேன். ஒரு விட்டமின் மாத்திரைக்கு அப்ரூவல் வாங்க ஆறு மெயில் போடுகிறவள் நான்.

"கஷாயத்துக்கு அப்ரூவலா மேடம்? ரிஜெக்ட் பண்ண மாட்டாங்களா?"

அவர் நியாயமாக யோசித்தார். "ரொம்ப அதிகமாக எழுதினால் கேள்வி கேட்பார்கள்," என்றார்.

போனில் தன் அக்காவின் மருந்துப் பையைப் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன பொடிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு நம்பர். அந்த மருத்துவத்துக்குக் கம்போ என்று பெயராம். ஆதியில் சீனாவிலிருந்து வந்து அங்கேயே வேறாக வளர்ந்ததாம். வேரையும் பட்டையையும் கம்பெனியில் காய்ச்சிப் பொடியாக்கி நம்பர் போட்டு விடுகிறார்கள். எம்.பி.பி.எஸ் மாதிரிப் படிக்கிற பிள்ளைகள் எல்லோருமே அதையும் கொஞ்சம் படித்தாக வேண்டும். ஜலதோஷம் வந்தால் ஜனங்கள் "ஒன்றாம் நம்பர் கொடுங்கள்" என்று கேட்பார்களாம்.

"அப்ப இங்கயும் அத எழுதலாமே மேடம்?"

"இங்கே எனக்குக் கொடுத்த லைசென்ஸ் மாத்திரைக்கு மட்டும்தான். எழுத முடியாது," என்றார். "கேட்கலாம்."

அதனால் அவர் நாட்டு மருந்துக் கட்சி என்று நினைத்துவிடக்கூடாது. நெஞ்சு வலி என்று வந்த ஒரு சிட்டகாங்காரர், ஏதோ வேர்ப்பட்டையைக் காட்டி இது தீர்த்துவிடும் என்றபோது, அதைத் தட்டில்கூட வைக்கவிடாமல் ஈ.சி.ஜி எடுத்து, ஐந்தே நிமிஷத்தில் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார். நாட்டு மருந்துக்கு சைடு எஃபெக்ட் கிடையாது என்று யாராவது சொன்னால்தான் அவருக்குச் சுருக்கென்று வரும். "கெடுக்கவே தெரியாது என்றால் அது மருந்து இல்லை. தண்ணீர்," என்பார். நான் அதை மூன்று மொழியில் சொல்லியிருக்கிறேன். என் காதில்தான் விழவில்லை.

என் வீட்டுக்காரர் சிமெண்ட் பிளாக் ஃபேக்டரியில் ஷவல் ஆபரேட்டர். மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கொட்டுகிற வண்டி. பதினோரு வருஷமாக அந்தத் தூசி. அதில் விடாத இருமல். ஊருக்கு லீவில் போனபோது, விருதுநகர் பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு, இரண்டு கிலோ அதிமதுரம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். போனில் வந்த ஒரு வீடியோவில் சொன்னபடி, விரல் நீள வேர் நாலைந்தை நசுக்கி, மிளகும் திப்பிலியும் பெயருக்குப் போட்டு, தினமும் அரை லிட்டர் கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். இனிப்பாக இருந்ததால் மனிதருக்குப் பிடித்துப்போனது. பத்தாததற்கு ஒரு துண்டு வேரை நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டினார். ஒரே மாதத்தில் இருமல் போனது. கூடவே சிகரெட்டும் போனது. பக்கத்து ஃபிளாட்டில் எல்லாம் நான் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஐந்து மாதம் இப்படிப் போனது.

அப்புறம் கணுக்கால் வீங்கியது. கம்பெனியில் ஆபரேட்டர்களுக்கு வருஷா வருஷம் எடுக்கிற மெடிக்கலில் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஒரு மாதம் டைம், அதற்குள் இறங்காவிட்டால் அன்ஃபிட், வண்டியில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியில் ஏறாத ஆபரேட்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அவருடைய விசாவில்தான் நானும் மகளும் இருக்கிறோம். மகள் அந்த வருஷம் பத்தாவது. நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெட்டி கட்ட வேண்டியிருக்குமோ என்று அன்றிலிருந்து காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையைச் சூடு பண்ணி, வயிற்றை அமுக்கி, நாக்கைப் பார்த்து எல்லாம் முடிந்தது. "அவுர் கியா?"

வீட்டுக்காரருக்கு இந்தி தெரியும் என்றாலும் பழக்க தோஷத்தில் நான் முந்திக்கொண்டேன். "வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். "வேற என்னத்த சாப்பிடுதேன்? நீ போடுற சோறுதான்."

நான் டாக்டரிடம் திரும்பி, கொஞ்சம் யோசித்துவிட்டு, "நத்திங் மேடம்," என்றேன். சத்தியமாக அப்போது அது பொய்யில்லை. என் கணக்கில் மருந்து என்றால் அட்டையில் வரும், இல்லையென்றால் வைத்தியர் கையிலிருந்து வரும். பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் நானே காய்ச்சுவது எப்படி மருந்தாகும்? அது அடுப்படிச் சமாச்சாரம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் ஆனது. பிரஷர் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. ஒருநாள் காலை வண்டியின் ஏணிப்படியில் வைத்த காலை அவரால் தூக்க முடியவில்லை. கீழேயிருந்து ஒரு பெங்காலி ஹெல்பர் முட்டுக்கொடுத்து ஏற்றிவிட்டாராம். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே திரும்பவும் கிளினிக். ஈ.சி.ஜி, ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது. டாக்டர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அவுர் கியா?" என்றார்.

அப்போது எனக்கு ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. கதவருகில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பரமக்குடிக்காரரை நான் ஏசிய ஏச்சு என் காதிலேயே கேட்டது. நான் கொடுத்தது என் புருஷனைக் கெடுத்திருக்குமோ என்கிற பயம் ஒரு பக்கம், தெரிந்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிற பயம் மறுபக்கம். "நத்திங் மேடம்," என்றேன். இது பொய்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பத்து விரலும் முடிந்தது. எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உடைந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சழுத்தம் வந்திருந்தது போல. நான் அசையவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"சுபஹ். பெஹ்லே. கியா பியா?" காலையில் முதலில் என்ன குடித்தாய்?

"பெஹ்லே? காடா," என்றார் வீட்டுக்காரர். கஷாயம் என்று அர்த்தம். அவருக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது. "மேரா பீவி பனாத்தா. பஹுத் அச்சா. மீட்டா." என் பெண்டாட்டி காய்ச்சுவது, ரொம்ப நல்லது, இனிப்பு என்று சொன்னதோடு நிற்காமல், டியூட்டிப் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துப் பெருமையாக மேசையில் வைத்தார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் மூடியில் கொஞ்சம் ஊற்றினார். முகர்ந்தார். சுண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அப்புறம் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த வேர்த் துண்டையும் எடுத்துக் காட்ட, அதைப் பழைய சிநேகிதரைப் பார்த்தது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்ஸோ," என்றார். அவர்கள் பாஷையில் அதிமதுரம். "எங்கள் பொடிகளில் பாதிக்கு மேல் இது இருக்கிறது. படிக்கும்போது இதை மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பிரஷர் ஏறியிருக்கிறதா, பொட்டாசியம் இறங்கியிருக்கிறதா, காலில் பலம் இல்லையா, முதலில் இந்த வேர் எங்கேயிருந்து வருகிறது என்று தேடு. பரீட்சையில் கட்டாயம் வரும்." பிறகு என்னைக் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

விரலைக் காட்டினேன். நாலைந்து வேர் என்றேன். அரை லிட்டர் என்றேன். ஐந்து மாதம் என்றேன்.

"இருமல் நின்றதா?"

"நின்னுட்டு மேடம்."

"நிற்கும். நல்ல மருந்து," என்றார். ஏசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நானே எங்கையால குடுத்தேன் மேடம். மொத தடவ கேட்டப்ப தோணல. ரெண்டாவது தடவ தெரிஞ்சேதான் சொல்லல," என்று அழுதுவிட்டேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன், பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "முதல் தடவை யோசித்துச் சொன்னீர்கள். இரண்டாவது தடவை யோசிக்காமல் சொன்னீர்கள்."

கதவருகில் நின்ற மேனேஜர் வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். டாக்டர் ஃபைலைத் திறந்து, மருந்துகள் என்று இருந்த கட்டத்தில், பிரஷர் மாத்திரைக்கு நேர் கீழே அதிமதுரத்தை எழுதினார். அளவு, எத்தனை வேளை, எத்தனை மாதம் எல்லாம் எழுதி, பக்கத்தில் 'நிறுத்தவும்' என்று போட்டார். பொட்டாசியம் சிரப் கொடுத்தார். மாத்திரையை மாற்றினார். வேரின் வேலை உடம்பைவிட்டு ஒரே நாளில் போகாது, வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். எங்களுக்கு மிச்சம் இருந்தது பதினேழு நாள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, கிளினிக் திறப்பதற்கு முன்னாலேயே வந்து வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்தார் டாக்டர். முதல் வாரம் அசையவே இல்லை. வீட்டில் நான் பாதி ஆளாகிவிட்டேன். மீதி வேரையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டேன். அதோடு போகவில்லை. சமையலறையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் உடனே மூடிவைத்தேன். மிளகு, சீரகம், பெருங்காயம், எதைப் பார்த்தாலும் இது என்ன செய்யுமோ என்று பயம். சோறு, தயிர், அவித்த காய், இவ்வளவுதான் வீட்டில். மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ரசம். ரசம்கூட வைக்க மாட்டியா?" என்றாள். வைக்கவில்லை. எத்தனையோ வருஷம் சமைத்த கை, திடீரென்று வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டது.

இரண்டாவது வாரம் பிரஷர் மெல்ல இறங்கியது. கால் வீக்கம் வடிந்தது. கெடு முடிவதற்கு முந்தின நாள் கம்பெனி மெடிக்கல். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் கார்டையே நாலு தடவை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"ஏ புள்ள, ஃபிட்டு. எழுதிக் குடுத்துட்டாங்க. வண்டிக்குப் போறேன்."

டாக்டருடைய அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். உள்ளே நோயாளி இருந்தார். டாக்டர் எழுந்து நின்று, எனக்குத் தலை தாழ்த்தினார். மேனேஜருக்குச் செய்த மாதிரி ஒப்புக்கு இல்லை. அன்று அந்த நோயாளிக்கு ஒன்றுமே புரிந்திருக்காது.

சாயங்காலம் வீட்டுக்காரர் நேராகக் கிளினிக்குக்கே வந்தார், நன்றி சொல்ல. சொல்ல ஆரம்பித்ததுமே இருமல் வந்துவிட்டது. வேரை நிறுத்தியதிலிருந்து பழைய இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரஷர் கவலையில் நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், ஊதச் சொல்லிப் பார்த்தார். இன்ஹேலர் எழுதினார். தூசிக்குப் போடுகிற நல்ல மாஸ்க் எது என்று படம் வரைந்து கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எழுந்தபோது என்னை உட்காரச் சொன்னார்.

"சிஸ்டர், அந்த வேர் இல்லாமல், உங்கள் சமையலறையில் இருமலுக்கு என்ன இருக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணும் இல்ல மேடம். ஒண்ணுமே வேண்டாம் மேடம்," என்றேன்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை எனக்கு நாலு விரல்கூடத் தாங்கவில்லை. துளசி இருக்கிறது என்றேன், பால்கனித் தொட்டியில். மிளகு இருக்கிறது. சுக்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அளவு கேட்டார். எத்தனை இலை, எத்தனை மிளகு, சுக்கு எந்த விரலின் எந்தக் கணு அளவு, எத்தனை நிமிஷம் கொதிக்கும், எவ்வளவாக வற்றும். இத்தனை வருஷத்தில் என் கைமணத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"இது லைசென்ஸ் சீட்டு இல்லை. இன்ஷூரன்சுக்கு அனுப்பிவிடாதீர்கள்," என்றார்.

மூன்று வரி. ஒன்று, இன்ஹேலர், இரண்டு முறை. இரண்டு, பிரஷர் மாத்திரை, பாதி. மூன்று, துளசி மிளகு சுக்கு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர், இரண்டு வாரம், பிறகு என்னிடம் காட்டவும். மூன்றாவது வரியின் ஓரத்தில் அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தார்: தயாரிப்பவர், மனைவி. நான் அந்தத் தாளைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் கையை அவர் ஒதுக்கி வைத்துவிடவில்லை. மாத்திரைக்குக் கீழே ஒரு வரி கொடுத்து உட்கார வைத்திருந்தார். அதைவிட யார் எனக்கு என்ன செய்துவிட முடியும்?

மறுநாள் காலை தாளை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன். இலையை எண்ணினேன். மிளகை எண்ணினேன், சந்தேகம் வந்து திரும்பவும் எண்ணினேன். போனில் நிமிஷம் வைத்துக் கொதிக்க விட்டேன். வீட்டுக்காரர் இட்லியை முடித்துவிட்டு, யூனிஃபார்மும் ஷூவும் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். டம்ளரை நீட்டினேன். ஊதி ஊதி முழுவதையும் குடித்தார்.

"இனிப்பே இல்லையே," என்றார்.

"இருக்காது."

"நல்லாத்தான் இருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

நான் சுவரைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைச் சிங்கில் கவிழ்த்தேன்.

"ஒரு டம்ளர்தான் எழுதியிருக்கு," என்றேன்.